ரோமாபுரிக்குச் சாணி தெளித்த கதை

போன மாசி மாதம் நடந்தது இது. வெயில் இன்னும் முழு நேர வேலைக்கு வராமல், அரை நாள் தலைகாட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்த சமயம். பாரிவாக்கத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பெரிய காலி மனை உண்டு. சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. இது மட்டும் அண்ணன் தம்பி வழக்கில் மாட்டிக்கொண்டு முள்ளும் புல்லுமாகக் கிடந்தது. அந்த மனையில்தான் நான் ரோமாபுரியைப் பார்த்தேன். பாஸ்போர்ட் இல்லாமல், காலில் செருப்புகூட இல்லாமல்.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு மாடு. அதற்கு டீச்சர் என்று பேர் வைத்திருக்கிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஒரு டீச்சரையாவது மூக்கணாங்கயிறு போட்டு இழுக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே எனக்கு ஆசை. பாலை வீட்டுக்கு வைத்துக்கொள்வோம். சாணிக்குத்தான் கிராக்கி. அடுக்குமாடிக்குக் குடிவருகிறவர்கள் கிரகப்பிரவேச ஹோமத்துக்கு வரட்டி கேட்டு என்னைத் தேடி வருவார்கள். கழுத்தில் ஆபீஸ் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, வரட்டியை இரண்டே விரலால் பிடித்துத் தூக்கிப் போகிற அழகு இருக்கிறதே, அதைப் பார்க்க டிக்கெட் போடலாம். இங்கே இருந்த வயல் எல்லாம் போய்விட்டதே என்று என்னை யாரும் அழச் சொல்லாதீர்கள். அந்த வயல் எங்களுடையது இல்லை. குனிந்து நாற்று நட்ட முதுகுதான் எங்களுடையது. அது இன்னும் நிமிரவில்லை.

ஒரு நாள் காலையில், சினிமாவுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறவர் ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

“ஆயா, உன் மாடு வேணும். ரெண்டு நாளிக்கு ரோம்ல கட்டணும்.”

“மாட்ட எதுக்குய்யா ரூம்ல கட்டுற? மூச்சு முட்டிப் பூடாது? ஏசி ரூமா, சாதா ரூமா?”

“ரூம் இல்ல ஆயா, ரோம்! ரோமாபுரி!”

“அது எந்தப் பக்கம் கீது? திருமழிசை தாண்டியா?”

“உன் ஊட்டுக்குப் பின்னால கீது. எட்டிப் பாரு.”

எட்டிப் பார்த்தேன். அந்த முள்ளுக்காட்டுக்கு நடுவே தென்னை மர உயரத்துக்கு வெள்ளைத் தூண்கள் நின்றன. பாதித் தூண்களுக்குத் தலை இல்லை. ஒரு வளைவு பாதியில் உடைந்து தொங்கியது. கிட்டே போய்த் தட்டிப் பார்த்தால் டொக் டொக் என்றது. பலகை, தெர்மாகோல், மேலே பிளாஸ்டர். முழுசாகக் கட்டுவதற்கே ஆள் கிடைக்காத காலத்தில், இடிந்த மாதிரி கட்டுவதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ரோமாபுரிக்கு ஒரு ராணி இருந்தாள். ஜீன்ஸ் பேண்ட், முடியில் பெயிண்ட், காதில் பென்சில். வயது இருபத்தைந்துக்கு மேல் இருக்காது. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். பெரிய ஆர்ட் டைரக்டர் வேறு ஊர் ஷூட்டிங்குக்குப் போய்விட்டதால், இந்த இடத்தை முழுக்க அவளிடம் ஒப்படைத்திருந்தார்கள். அவள் தனியாகச் செய்கிற முதல் வேலை அதுதான். வேலப்பன்சாவடியில் பெண்கள் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள்.

“வாங்க ஆச்சி, மாட்ட இந்தத் தூண் பக்கமா கட்டுங்க” என்றாள்.

“இன்னா ஆச்சி? இன்னும் ஒண்ணும் ஆகலியேம்மா” என்றேன்.

“ஆச்சின்னா எங்க ஊர்ல பாட்டி.”

“அதானே பாத்தேன். வந்ததும் வராததுமா என் வயச அளந்துட்ட.”

சிரித்தாள். சிரித்தால் கன்னத்தில் குழி விழுந்தது. அப்போதே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. என் பேச்சுக்குச் சிரிக்கிறவர்களை எனக்கு உடனே பிடிக்கும்.

டீச்சர் மட்டும் பிடிவாதம் செய்தாள். தூண்கள் பக்கம் போகவே மாட்டேன் என்று நான்கு காலையும் ஊன்றி நின்றாள். வெள்ளை வெளேர் என்று வெயிலில் கண் கூசியது அதற்கு. புல்லைக் காட்டினேன், தவிட்டைக் காட்டினேன். ஊஹூம். கடைசியில் தூரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் கட்டினேன். நாளைக்கு ஷூட்டிங்கில் அது தூணடியில் படுத்து அசைபோட வேண்டுமாம். அதைப் பழக்குவதற்குத்தான் ஒரு நாள் முன்னாலேயே கூட்டிவரச் சொன்னார்கள்.

“இடிஞ்ச கோட்டையில மாட்டுக்கு இன்னாம்மா வேலை?” என்று கேட்டேன்.

அவள் செல்போனை எடுத்து ஒரு படம் காட்டினாள். பழைய காலத்துப் படம். பாதி மண்ணில் புதைந்த பெரிய பெரிய தூண்கள். நடுவே மாடுகள். ஒருத்தன் வளைவின் நிழலில் தூங்குகிறான். இரண்டு தூணுக்கு நடுவே கயிறு கட்டி ஒருத்தி துணி உலர்த்துகிறாள். தள்ளி நின்று, தொப்பி போட்ட ஒரு ஆள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

“ஒரு காலத்துல உலகத்தையே ஆண்ட ஊரு ஆச்சி. ராஜாமாரு ஊர்வலம் போன இடம் இது. எல்லாம் அழிஞ்சு, மண்ணு மூடி, புல்லு மொளைச்சு, மாடு மேயுத இடமாப் போச்சு. அங்க உள்ளவங்க அதுக்கு மாட்டு மைதானம்னே பேரு வச்சிருந்தாங்க. ஆனா தூர தேசத்துல இருந்து படிச்சவங்கல்லாம் குதிரை வண்டி கட்டி, மலையெல்லாம் தாண்டி, மாசக்கணக்கா பிரயாணம் பண்ணி இதப் பாக்க வருவாங்க. வந்து இந்தக் கல்லு மேல உக்காந்து, எப்பேர்ப்பட்ட ஊரு இப்படி ஆயிருச்சேன்னு அழுவாங்க. ஊருக்குத் திரும்பிப் போயி புஸ்தகம் எழுதுவாங்க. அப்படி வந்த ஒரு ஆளோட கதைதான் இந்தப் படம்.”

“இடிஞ்ச சுவத்தப் பாத்து அழவா அவ்ளோ தூரம் வந்தானுங்க? எங்க ஏரியாவுல தெனம் ஒரு ஊட்ட இடிக்கிறாங்க. ஒருத்தன் வந்து அழுதான்னு இல்ல.”

அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் சட்டென்று முகம் வாடிவிட்டது. பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். முந்தின நாள் சாயங்காலம் டைரக்டர் வந்து பார்த்தாராம். “இது ரோமா, கல்யாண ரிசப்ஷனா? ரெண்டு பூந்தொட்டி வச்சா மாப்பிள்ளை பொண்ணை உக்கார வச்சிடலாம்” என்றாராம். நாளைக்குக் காலையில் வரும்போதும் இப்படியே இருந்தால் அவள் கிளம்பலாம், வேறு ஆளை வைத்துக்கொள்கிறேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனாராம்.

அவள் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்தவள். அதனால் வீட்டில் பேச்சு இல்லை. அப்பா போனே எடுப்பதில்லை. அம்மா எடுப்பாள். ‘ம்’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

“இது போச்சுன்னா வேற யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க ஆச்சி. அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடியே திரும்பப் போயி உக்காரணும்.”

அவள் கண்ணுக்கும் தூண்கள் புதுசாகத்தான் தெரிந்தன. என்ன செய்தாலும் வயதாக மாட்டேன் என்கிறது என்றாள். எனக்கு அந்தப் பிரச்சினை இல்லை என்றேன். ஒரே ஒரு சுவர் மட்டும் அவளுக்கு மனசுக்குப் பிடித்தபடி வந்திருந்தது. வளைவுக்குப் பக்கத்தில் இருந்த நீளச் சுவர். விடியற்காலையிலிருந்து உட்கார்ந்து, விரிசல் எல்லாம் மெல்லிய பிரஷ்ஷால் போட்டிருந்தாள். அதைப் போலவே மற்றதையும் ராத்திரிக்குள் செய்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

மத்தியானம் அவளும் பெயிண்டர்களும் சாப்பிடப் போனார்கள். மாட்டைப் பார்த்துக்கொண்டு நான் மட்டும் இருந்தேன்.

டீச்சர் அன்றைக்கு வயிறாரப் புல் மேய்ந்திருந்தாள். அதற்குத் தகுந்த மாதிரி சாணியும் போட்டிருந்தாள். நல்ல கெட்டிச் சாணி. அடுத்த வாரம் ஒரு கிரகப்பிரவேசத்துக்கு வரட்டி கேட்டிருந்தார்கள். எங்கள் வீட்டுச் சுவரில் இப்போதெல்லாம் வெயிலே படுவதில்லை. பக்கத்து அடுக்குமாடியின் நிழல் காலையிலேயே வந்து படுத்துக்கொள்கிறது. இங்கேயோ, நீளமான சுவர், முகத்தில் அறைகிற வெயில். சாணியைத் தவிட்டோடு பிசைந்தேன். கை தானாக வேலை செய்தது. உருட்டி, சுவரில் படீர் என்று தட்டி, ஐந்து விரலும் பதிகிற மாதிரி ஒரு அழுத்து. வரிசையாக, கோலம் போட்ட மாதிரி. எனக்கே பார்க்கப் பெருமையாக இருந்தது. தப்பு செய்கிறேன் என்ற நினைப்பே இல்லை. வெயில் படுகிற சுவர் சும்மா இருந்தால் வரட்டி தட்டுவார்கள். அது தெர்மாகோல் சுவராக இருந்தால் என்ன?

அவள் திரும்பி வந்தாள். கையில் எனக்காக ஒரு சாப்பாட்டுப் பொட்டலம். சுவரைப் பார்த்தாள். பொட்டலம் கீழே விழுந்தது.

“ஏன் ஆச்சி இப்படிப் பண்ணிட்டீங்க?”

அவ்வளவுதான் கேட்டாள். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்குக் கத்துவதில் நல்ல பழக்கம் உண்டு. அவள் கத்தவில்லை. ஓடிப்போய் வரட்டியை ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்தாள். எடுத்த இடத்தில் வட்ட வட்டமாகக் கறை. ஈரத் துணியால் துடைத்தாள். கறை கீழே வழிந்து, அவள் போட்ட விரிசலுக்குள் எல்லாம் இறங்கி, சுவர் முழுக்கப் பச்சையும் பழுப்புமாகப் பரவியது. துடைக்கத் துடைக்க அதிகமானது.

பின்னால் வந்த பெயிண்டர், “ஆயா, நீ தொட்ட சுவத்துக்கு நாங்க பொறுப்பு இல்ல, சொல்ட்டேன்” என்று நழுவிவிட்டார்.

அவள் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நான் என் வழக்கப்படி ஏதோ சொல்லிப் பார்த்தேன். “ஏம்மா, அந்தக் காலத்துல வந்தவங்களும் இப்படித்தான் உக்காந்து அழுதாங்கன்னு சொன்னியே, நீயே நடிச்சிடலாம் போலகீதே” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

என் வாய்க்கு எப்போதும் ஏதாவது ஒரு வழி கிடைக்கும். புருஷன் குடித்துவிட்டு வந்த நாளிலும், ரேஷன் கடையில் துரத்திவிட்ட நாளிலும் கிடைத்திருக்கிறது. அன்றைக்கு எதுவும் வரவில்லை. நானும் அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். மன்னித்துக்கொள் என்று சொல்லத் தெரியவில்லை. அவள் முடியில் காய்ந்து கிடந்த பெயிண்டை நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் தட்டிவிடவில்லை.

நான் சரியாகக் கட்டாமல் விட்ட கயிறு எப்படியோ அவிழ்ந்திருக்கிறது. டீச்சர் மெதுவாக நடந்து வந்தாள். காலையில் எந்தத் தூண் பக்கமும் வரமாட்டேன் என்று அடம்பிடித்த மாடு. நேராக அந்தக் கறைச் சுவருக்குப் போனாள். மோந்து பார்த்தாள். கழுத்தைச் சுவரில் தேய்த்தாள். பிறகு முன்னங்காலை மடித்து, அந்தச் சுவரடியில் படுத்து, அசைபோட ஆரம்பித்துவிட்டாள்.

“இன்னா டீச்சர், இப்போ மட்டும்?” என்று கேட்டேன்.

அந்தப் பெண் தலையைத் தூக்கிப் பார்த்தாள். மாட்டைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சுவரைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்தாள். முள்செடி குத்துவதுகூடத் தெரியாமல் மனையின் ஓரம் வரைக்கும் போய் நின்று பார்த்தாள். செல்போனை எடுத்து அந்தப் பழைய படத்தைப் பார்த்தாள். மறுபடியும் சுவரைப் பார்த்தாள்.

“ஆச்சி” என்று அங்கிருந்தே கத்தினாள். “இன்னும் சாணி கிடைக்குமா?”

ஓடிப்போய் நானும் அங்கிருந்து பார்த்தேன். அவள் எதைப் பார்த்தாள் என்று எனக்கும் தெரிந்தது. மற்றத் தூண்கள் எல்லாம் நேற்றுப் பிறந்தது மாதிரி பளிச்சென்று நின்றன. அந்தச் சுவர் மட்டும் எத்தனையோ மழை குடித்த சுவர் மாதிரி இருந்தது. நான் அதைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அது வயசுக்கு வந்திருந்தது.

இப்போது பிரச்சினை சாணி. ரோமாபுரி பெரிய ஊர், என்னிடம் இருப்பது ஒரே மாடு. நாலு மாடு வைத்திருப்பவள் நூம்பலில் இருக்கும் என் சம்பந்தி, என் மகளின் மாமியார். எங்கள் இரண்டு பேருக்கும் சீமந்தத்தில் புளிசாதத்துக்கு உப்பு போதவில்லை என்று ஆரம்பித்த சண்டை, பேத்தி கல்லூரிக்குப் போகிற வரைக்கும் நடந்துகொண்டிருக்கிறது. வேறு வழியில்லாமல் போன் செய்தேன்.

“இன்னா சம்பந்தி, அதிசயமா கீது. சூரியன் மேக்கால உதிச்சானா?”

“சாணி வேணும்.”

“ஐயய்ய! ஊட்ல சாணிக்குக்கூட வழியில்லாம பூட்டியா?”

“எனக்கு இல்ல. ரோமாபுரிக்கு.”

“உனக்கு புத்தி பேதலிச்சிப்போச்சுன்னு எம்புள்ள அப்பவே சொன்னான்” என்றாள். போனை வைத்துவிட்டாள். ஆனால் வெயில் சாய்வதற்கு முன்னால் ஒரு ஆட்டோவில் வாளி வாளியாகச் சாணியோடு வந்து இறங்கினாள். ஆட்டோக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, இனி இந்த ஜென்மத்தில் நூம்பல் சவாரி எடுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுப் போனார். சம்பந்தி இடுப்பில் கை வைத்துத் தூண்களைப் பார்த்தாள்.

“இதான் ரோமாபுரியா? பெயிண்ட் அடிக்கச் சொல்லோ கூப்பிட்டிருந்தா நல்லா அடிச்சிருப்பேன்” என்று சொல்லிக்கொண்டே சேலையை இழுத்துச் சொருகினாள்.

பெரிய டிரம்மில் சாணியைக் கரைத்தோம். அந்தப் பெண் அதில் டீத்தூள் காய்ச்சிய தண்ணீர், செங்கல் தூள், கொஞ்சம் பெயிண்ட் எல்லாம் அளந்து அளந்து ஊற்றினாள். நானும் சம்பந்தியும் மார்கழி மாதத்தில் வாசல் தெளிக்கிற மாதிரி வீசி வீசித் தெளித்தோம். உடனே திட்டு விழுந்தது.

“ஆச்சி, ரெண்டு பேரும் நிறுத்துங்க! வாசல் தெளிக்கிற மாதிரி எல்லா இடத்துலயும் தெளிக்காதீங்க. மழைத்தண்ணி எங்க வடியும்? மேல இருந்து, இந்த ஓரமாத்தானே? அங்க மட்டும் ஊத்துங்க. வெயில் படுத பக்கம் பாசி வராது. அங்க தொடாதீங்க.”

“ஏய், இவ்ளோ சட்டம் தெரிஞ்சவ மத்தியானம் எதுக்குடி அழுதுகினு கெடந்த?” என்றேன்.

“சும்மா ஊத்துங்க ஆச்சி.”

குரலே மாறியிருந்தது. ஏணி மேல் ஏறி நின்று, இங்கே கொஞ்சம், அங்கே வேண்டாம் என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். நழுவிப்போன பெயிண்டர்கூடத் திரும்பி வந்து, கீழே நின்று பார்த்துவிட்டு, பேசாமல் ஒரு வாளியை எடுத்துக்கொண்டார். இருட்டுவதற்கு முன்னால் ரோமாபுரிக்கு நல்ல வயதாகிவிட்டது.

மறுநாள் காலையில் டைரக்டர் கார் வந்து நின்றது. இறங்கியவர் முதலில் கர்சீப்பை எடுத்து மூக்கில் வைத்தார்.

“என்ன நாத்தம் இது? யாரு பண்ணது?”

பெயிண்டர் வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

“மாடு பண்ணது சார். நாங்க தெளிச்சோம், அவ்ளோதான்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பதில் சொல்வதற்கு முன்னால் அந்தப் பெண் ஒரு அடி முன்னால் வந்தாள். காதிலிருந்த பென்சிலை உருவிக் கையில் பிடித்துக்கொண்டாள். குரல் நடுங்கவில்லை.

“என் முடிவுதான் சார். மாடு மேஞ்ச இடம்னு அப்ப அங்க வந்தவங்க அத்தனை பேரும் வரைஞ்சு வச்சிருக்காங்க. மாடு கெடந்த சுவர் எப்படி சார் வெள்ளையா இருக்கும்? அங்க ஆட்கள் குடியிருந்தாங்க. அடுப்பு எரிச்சாங்க, துணி தொவைச்சாங்க. நான் நேத்து வரைக்கும் ஆளில்லாத ஊரைக் கட்டிட்டு இருந்தேன். அதான் கல்யாண ரிசப்ஷன் மாதிரி இருந்துச்சு. இப்பப் பாருங்க. வேண்டாம்னா நானே கிளம்பிருதேன்.”

டைரக்டர் கர்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டே தூண்களுக்கு நடுவே நடந்து போனார். சுவரைத் தொட்டுப் பார்த்தார். வளைவைச் சுற்றிப் போனார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. சம்பந்தி என் கையைக் கிள்ளிக்கொண்டே நின்றாள். பயத்திலா, பழைய கோபத்திலா என்று தெரியவில்லை. கடைசியில் அவர் ஒரு உடைந்த கல் மேல் உட்கார்ந்தார். கர்சீப் கையிலிருந்து இறங்கியது.

“கேமராவை இங்க கொண்டு வாங்க” என்றார். அப்புறம் அந்தப் பெண்ணைப் பார்த்து, “நீ எங்கயும் போகாத. இன்னும் ரெண்டு கயிறு கட்டணும். துணி காயப் போட ஒரு ஆள் வேணும்” என்றார்.

அவர் கண் என் மேல் விழுந்தது. இப்படித்தான் நான் ரோமாபுரியில் குடியேறினேன். கணுக்கால் வரை ஒரு பாவாடை, தலையில் வெள்ளைத் துணி. சம்பந்தி, “உனக்கு இந்த வேஷம் நல்லாகீது, ஊட்டுக்கும் இப்படியே போ” என்றாள்.

பிரயாணியாக நடித்தவர் புதுச்சேரியில் தங்கியிருக்கும் ஒரு வெள்ளைக்காரர். நீள கோட்டு, தொப்பி, கையில் தடி. என்னிடம் வந்து கும்பிட்டு, “வணக்கம் அக்கா” என்றார். இத்தனை நாளில் என்னை அக்கா என்று கூப்பிட்ட ஒரே ஆம்பிளை. அதுவும் ஏழு கடல் தாண்டி வந்து.

அவர் செய்ய வேண்டியது, மெதுவாக நடந்து வந்து, தூண்களைப் பார்த்து, கல் மேல் உட்கார்ந்து அழ வேண்டும். நான் செய்ய வேண்டியது, அவரைப் பார்க்காமல் துணி காயப் போட வேண்டும். அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகூடச் செய்துவிடும்.

அவர் வந்தார். அண்ணாந்து பார்த்தார். உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றினார். நிஜமாகவே கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. கிளிசரின் எதுவும் போடவில்லை, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம்தான் துணியையே பார்த்துக்கொண்டிருப்பது? வயசுப் பிள்ளை, தன்னந்தனியாக, நம் ஊரில் வந்து உட்கார்ந்து அழுகிறது.

“இன்னா நைனா, ஏன் அழுவுற? சாப்ட்டியா?”

கேட்டே விட்டேன். டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். வெள்ளைக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார், அழுகையோடே சிரித்துவிட்டார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு, “சார், மறுபடி எடுங்க, இந்த வாட்டி வாயில பிளாஸ்திரி ஒட்டிக்கிறேன்” என்றேன். டைரக்டர் எடுத்ததைக் காட்டுகிற டிவியில் அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். பிறகு, “குரலை எடுத்துடலாம். அந்தப் பார்வை ரெண்டும் இருக்கட்டும்” என்றார். அதனால் படத்தில் நான் கேட்டது யாருக்கும் கேட்காது. கேட்டதை நான் மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

மத்தியான இடைவேளையில் அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஊருக்கு வீடியோ கால் போட்டாள். அவள் அம்மா எடுத்தாள். முகத்தைக் காட்டாமல் மேலே ஓடுகிற ஃபேனைக் காட்டிக்கொண்டிருந்தாள். இவள் போனைத் திருப்பி, தூண்களைக் காட்டினாள், வளைவைக் காட்டினாள், சுவரடியில் படுத்து அசைபோடும் டீச்சரைக் காட்டினாள்.

அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“மாட்டுக்குத் தண்ணி காட்டுனியாட்டி?”

“காட்டுனேம்மா.”

“நீ சாப்ட்டியா?”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு போனை என் கையில் திணித்துவிட்டாள். நான் என்ன சும்மாவா விடுவேன்?

“சாப்டலமா! உன் பொண்ணு ஒரு ஊரையே கட்டி நிக்க வச்சிகினு கீறா, அவளுக்கு எங்கமா சாப்பிட நேரம்? நீ ஒரு நாளிக்கு வந்து பாரு. எங்க ஊடு பக்கத்துலதான் கீது. ரோமாபுரின்னு கேட்டா யாரும் சொல்ல மாட்டாங்க, வரட்டி ஆயா ஊடு எதுன்னு கேளு.”

ஃபேன் மறைந்து, ஒரு முகம் தெரிந்தது. மூக்குத்தி, சிவந்த கண், கன்னத்தில் மகளுக்கு இருக்கிற அதே குழி.

இரண்டு வாரத்தில் எல்லாவற்றையும் பிரித்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். மனையில் மறுபடியும் முள்ளும் புல்லும்தான். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை, டீச்சருக்கு மேய்ச்சல் நன்றாக இருக்கிறது. அந்தப் பெண் இப்போது ஆவடிப் பக்கம் வேறு ஏதோ ஒரு ஊரைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். பனி மலையாம். அதற்குச் சாணி தேவைப்படாது என்று போனில் சொன்னாள், எதற்கும் கேட்டுப் பார் என்று சொல்லியிருக்கிறேன். சம்பந்தி மாதம் ஒரு முறை வருகிறாள். உப்புச் சண்டை தீரவில்லை, காப்பி குடித்துக்கொண்டே போடுகிறோம்.

அந்தக் காலத்தில் அவ்வளவு தூரம் வந்து கல் மேல் உட்கார்ந்து அழுதவர்களுக்குப் பக்கத்திலேயே ஒருத்தி துணி உலர்த்திக்கொண்டு இருந்திருக்கிறாள், அவளுக்கு அந்த ஊர் முடிந்துபோகவில்லை. இப்போதெல்லாம் யாராவது என்னிடம் வந்து “எல்லாம் முடிஞ்சிபோச்சு ஆயா” என்று உட்கார்ந்தால் நான் ஜோக் அடிப்பதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, அவர்கள் அழுது முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே என் வேலையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.